பரண்ல கிடந்த டிவி கேமை மறுபடி ஓட வைக்கிறது எப்படி

பரண்ல இருந்து இறக்கின டிவி கேமை மாட்டி சுவிட்சைப் போட்டதும் ஒண்ணும் வரலைன்னா உடனே "உள்ள ஐசி போயிடுச்சு"ன்னு முடிவு கட்டிடுறாங்க, கடைக்காரரும் பல நேரம் அதையே சொல்லி அனுப்பிடுவாரு. ஆனா இந்த மாதிரி செட்டுல ஐசி போறது கடைசியா நடக்குற விஷயம். முதல்ல போறதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு தொடுற இடங்கதான், அடாப்டர் பின்னு, சுவிட்சு, கேசட் பல்லு (கேசட் அடில வரிசையா தெரியுற உலோகக் கோடுங்க, அதைத்தான் பின்னுன்னும் சொல்றது), கையில பிடிச்சு ஆடுற ரிமோட்டோட வயரு, டிவி சொருகு. அதனால வெளியில இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா உள்ள போகணும். டப்பாவைத் திறக்குறது நடுவுல வர்ற வேலை, ஈயம் வைக்கிறது அதுக்கும் அப்புறம்.

முதல்ல உங்க கையில இருக்குறது என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. நின்டெண்டோ 1983 ஜூலைல ஜப்பான்ல ஃபேமிகாம்னு ஒரு செட்டு விட்டாங்க, அதுக்கு 60 பின் கேசட். அதையே 1985ல அமெரிக்காவுக்கு உருவம் மாத்தி என்ஈஎஸ்னு கொண்டு போனப்ப கேசட் 72 பின்னா மாறிடுச்சு. நம்ம ஊருக்கு தொண்ணூறுகள்ல சாமுராய், மீடியா மாதிரி பேர்ல வந்ததும், பேரே இல்லாம பஜார்ல வித்ததும் பெரும்பாலும் அந்த 60 பின் ஃபேமிகாமைப் பாத்து செஞ்ச நகல்தான். மேல பிளேஸ்டேஷன் மாதிரி ஓடு போட்டு, சிடி மூடியைத் திறந்தா உள்ள கேசட் சொருகுற இடம் இருக்குமே, அதுவும் இதே குடும்பம்தான், ஓட்டைக் கழட்டிப் பாத்தா முக்கால்வாசி காலியா இருக்கும், நடுவுல உள்ளங்கை அளவுக்கு ஒரு போர்டு. நகலா இருக்குறதுல நமக்கு ஒரு லாபம் என்னன்னா, ஃபேமிகாமுக்கு சொல்ற வைத்தியம் பெரும்பாலும் இதுக்கும் செல்லும்.

சாமான் ரொம்ப வேண்டாம். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், துடைக்கிறதுக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில், காது குடையுற பட்ஸ், வெள்ளை ரப்பர். பின்னாடி தேவைப்பட்டா 25 வாட்ஸ் சால்டரிங் அயர்ன், ஈயம், ஈயம் நல்லா ஒட்டுறதுக்கு தடவுற ஃப்ளக்ஸ். சென்னைல இருக்கீங்கன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல எல்லாமே ஒரே நடைல முடிஞ்சிடும். அந்த ஆல்கஹால் குப்குப்புன்னு பத்திக்கும், அதனால அயர்னை சூடு பண்ணி வச்சுக்கிட்டு பக்கத்துல இதைத் திறக்காதீங்க. சைக்கிள் செயினுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே கண்டிப்பா வேண்டாம், அது பிசுபிசுன்னு ஒட்டி தூசியைப் பிடிச்சு வைக்கும்.

அடாப்டர்

முக்காவாசி "செத்துப் போன" செட்டுக்கு இங்கயே வழி பிறந்துடும். இந்த செட்டுக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி. மீட்டரை டிசி 20 வோல்ட்ல வச்சு, சிவப்பு முனையை அடாப்டர் பின்னோட ஓட்டைக்குள்ளயும் கருப்பை வெளி வளையத்துலயும் வச்சுப் பாருங்க. பழைய கனமான அடாப்டர்ல, அதாவது உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்குற வகைல, சும்மா பாத்தா 12, 13 வோல்ட் கூட காட்டும், பயப்படாதீங்க, லோடு ஏறினா இறங்கிடும். பூஜ்யம் காட்டினா வயரை பின்னுக்குப் பக்கத்துல வளைச்சு வளைச்சுப் பாருங்க, பாதி நேரம் அங்கதான் உள்ளுக்குள்ளயே அறுந்திருக்கும். நம்பருக்கு முன்னாடி மைனஸ் காட்டுச்சுன்னா உள்ள நெகட்டிவ், வெளிய பாசிட்டிவ்னு அர்த்தம், அதைக் குறிச்சு வச்சுக்கோங்க, இந்த விஷயம்தான் நிறைய பேரை கவுத்தி விடுது.

ஒரிஜினல் ஃபேமிகாமுக்கு நடு நெகட்டிவ். நகல் செட்டு எல்லாம் அப்படித்தான்னு சொல்ல முடியாது, ஆளாளுக்கு ஒரு மாதிரி செஞ்சிருக்காங்க. ஓட்டுல சொருகுற இடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னப் படம் இருந்தா அதை நம்பலாம், இல்லைன்னா புது அடாப்டர் மாட்டுறதுக்கு முன்னாடி டப்பாவைத் திறந்து பாத்துடுறது நல்லது. உள்ள மூணு காலோட 7805னு எழுதின ஒரு ரெகுலேட்டர் இருக்கும். மீட்டரை பீப் மோடுல (ரெண்டு முனைக்கும் நடுவுல தொடர்பு இருந்தா சத்தம் போடுற மோடு) வச்சு ஒரு முனையை அதோட நடுக் கால்ல வைங்க, அதுதான் கிரவுண்டு. இன்னொரு முனையால அடாப்டர் சொருகுற சாக்கெட்டைத் தொடுங்க, நடுக் குச்சில பீப் வந்தா நடு நெகட்டிவ், பக்கத் தகட்டுல வந்தா நடு பாசிட்டிவ். ரெண்டுலயும் பீப் வரலை, நாலு டயோடு (கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற சாமான்) வரிசையா நிக்குதுன்னா உங்களுக்கு அதிர்ஷ்டம், எப்படி மாட்டினாலும் அது சரி பண்ணிக்கும்.

வீட்டுல கிடக்குற ரவுட்டர் அடாப்டர் 12 வோல்ட்தானேன்னு எடுத்து மாட்டாதீங்க. 7805 எவ்வளவு வாங்கினாலும் 5 வோல்ட்தான் வெளிய விடும், மீதியை சூடா கரைக்கும். 9 குடுத்தா 4 வோல்ட் கரைக்கணும், 12 குடுத்தா 7, அப்ப சூடு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் தானா நின்னு நின்னு ரீசெட் ஆகும். ஆம்பியர் மட்டும் கூட இருந்தா தப்பில்லை, 9 வோல்ட் 1 ஆம்பியர் தாராளமா போடலாம், செட்டு தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். ஏசி வெளிய விடுற அடாப்டர்னும் ஒண்ணு இருக்கு, அமெரிக்க என்ஈஎஸ்ஸோட வர்றது அப்படித்தான், உள்ள அதை டிசியா மாத்துற டயோடு வச்சிருக்காங்க. ஃபேமிகாம்ல அது கிடையாது, அதனால அந்த அடாப்டரை நம்ம செட்டுல சொருகினா கதை முடிஞ்சுது.

அடாப்டர் கறுப்பு டப்பாவை மட்டும் பிரிக்காதீங்க, அதுல 230 வோல்ட் இருக்கு, போயிருந்தா புதுசு வாங்கிடுங்க, அதுல மிச்சம் பிடிக்க ஒண்ணுமில்லை.

டிவி பக்கம்

சிவப்பு லைட்டு எரியுது, ஆனா படம் வரலைன்னா செட்டைத் தொடாம முதல்ல டிவியை சந்தேகப்படுங்க. பழைய செட்டுல ஆண்டெனா சொருகுற மாதிரி ஆர்எஃப் வயரு மட்டும்தான் இருக்கும், அது ஒரு சேனல்ல படத்தை விடுது. செட்டை ஆன் பண்ணி வச்சுட்டு டிவில அனலாக் சேனல் தேடுற மெனுவுக்குப் போய் ஆரம்பத்துல இருந்து தேட விடணும், டிஜிட்டல்னு தேடினா விடியவிடிய தேடினாலும் கிடைக்காது. நடுவுல ஆண்டெனா / கேம்னு மாத்துற சின்ன டப்பா இருந்தா அதைக் கழட்டிட்டு நேரா சொருகிப் பாருங்க, அந்த டப்பாக்குள்ள இருக்குற சுவிட்சு துருப்பிடிச்சு புள்ளி புள்ளியா படம் காட்டுறது சாதாரணம்.

ஏவி வயரு இருந்தா மஞ்சள் படத்துக்கு, வெள்ளை சத்தத்துக்கு. புது டிவில மஞ்சளுக்குத் தனி ஓட்டை இல்லாம பச்சையோட சேத்து வச்சிருப்பாங்க, அதுல சொருகி மெனுல ஏவின்னு தேர்ந்தெடுக்கணும். இயர்ஃபோன் ஓட்டை மாதிரி சின்னதா இருந்தா அந்த டிவிக்குன்னு வித்த வயரே வேணும், ஏன்னா ஒவ்வொரு கம்பெனியும் வீடியோ, கிரவுண்டு வளையத்தை இடம் மாத்தி வச்சிருக்கான். இதுக்கும் மேல ஒரு சங்கடம் என்னன்னா இந்த கேம் செட்டு விடுற சிக்னல் சாதாரண டிவி நிகழ்ச்சி மாதிரி கோடு விட்டுக் கோடு வர்ற சிக்னல் கிடையாது, சில எல்ஈடி டிவிக்கு அது புரியாம "சிக்னல் இல்லை"ன்னு காட்டிடும், செட்டு நல்லாத்தான் இருக்கும். அதனால யார் வீட்டுலயாவது பழைய குண்டு டிவி இருந்தா ஒரு தடவை அதுல மாட்டிப் பாத்துட்டு அப்புறம் திருப்புளியைத் தொடுங்க.

கலர் இல்லாம கருப்பு வெள்ளையா வந்தா அது வேற விஷயம். கலர் சிக்னல் விடுற முறை நாட்டுக்கு நாடு வேற, நம்ம ஊரு டிவி பேல் முறை, ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி. போர்டுல வெள்ளித் தகடு மாதிரி மின்னுற கிறிஸ்டல் மேல 26.601னு ஆரம்பிச்சா பேல், 21.477னு இருந்தா என்டிஎஸ்சி. ரெண்டாவதா இருந்தா ரிப்பேர் பண்ண ஒண்ணுமில்லை, என்டிஎஸ்சியும் எடுக்குற டிவி வேணும், அவ்வளவுதான். பேல் செட்டுலயே கலர் போயிருந்தா கிறிஸ்டலுக்குப் பக்கத்துல திருகுற மாதிரி ஒரு குட்டி டிரிம்மர் இருக்கான்னு பாருங்க, சில போர்டுல இருக்கும், அதை இம்மியளவு திருப்பினா கலர் திரும்பி வரலாம்.

கேசட்

ஊதாதீங்க. நாம எல்லாரும் ஊதித்தான் வளர்ந்தோம், ஊதினதும் ஓடவும் செஞ்சுது, ஆனா ஓடினது கழட்டி மறுபடி சொருகினதாலதான், வாய் ஈரம் பல்லுல படிஞ்சு நாளடைவுல பச்சை பூக்க வைக்கும். அதுக்கு பதிலா வெள்ளை ரப்பரால பல்லு மேல மெதுவா நீளவாக்குல தேய்ங்க, குறுக்க தேய்க்காதீங்க. ரப்பர் துகளை நல்லா தட்டிட்டு பட்ஸ்ல ஆல்கஹால் தொட்டுத் துடைங்க. முதல் பட்ஸ் கரி மாதிரி கருப்பா வரும், அடுத்தது சாம்பல், வெள்ளையாவே வர்ற வரைக்கும் மாத்தி மாத்தித் துடைக்கணும். காய விட்டுட்டுத்தான் சொருகணும்.

சொருகுற இடத்துக்குள்ள விரலோ துணியோ போகாது. சுத்தம் பண்ணின கேசட் பல்லுல லேசா ஆல்கஹால் தடவி, அடாப்டரைக் கழட்டி வச்சுட்டு, உள்ள சொருகி எடுத்து சொருகி எடுத்து செஞ்சா உள்ள இருக்குற அழுக்கு கேசட்ல ஒட்டிக்கிட்டு வெளிய வந்துடும், அதைத் துடைச்சுட்டு மறுபடி. அப்புறம் போன் டார்ச்சை அடிச்சு ஓரமா பாருங்க, பக்கத்துக்கு 30ன்னு ரெண்டு வரிசை, எல்லாப் பின்னும் ஒரே மாதிரி முன்னாடி வளைஞ்சு நிக்கணும். ஏதாவது ஒண்ணு பின்னாடி அமுங்கிப் போய் நின்னா அது கேசட்டைத் தொடாது, தையல் ஊசி முனையால மெல்ல முன்னாடி இழுத்து விடலாம்.

கேசட்டுக்குள்ள ரெண்டு சமாச்சாரம் இருக்கு, ஒண்ணு கேமோட புரோகிராம், அதை செட்டோட பிராசசர் படிக்கும், இன்னொண்ணு படங்கள், அதை வீடியோ சிப்பு தனியா படிக்கும். இது தெரிஞ்சா திரையைப் பாத்தே கணிக்கலாம். கேம் ஓடுது, பாட்டு வருது, ஆனா மாரியோ இருக்க வேண்டிய இடத்துல எழுத்தும் கட்டமுமா சிதறிக் கிடக்குதுன்னா படம் போற பின்னு ஒண்ணு ரெண்டு தொடலை. ஒரே சாம்பலாவோ ஒரே கலராவோ அப்படியே நின்னுடுச்சுன்னா புரோகிராம் ஓடவே இல்லை. ரெண்டுமே பெரும்பாலும் அழுக்குதான், சிப்புக்குப் போற வேலை இல்லை. உள்ளயே கேம் இருக்குற செட்டா இருந்தா கேசட் இல்லாம ஆன் பண்ணுங்க, அந்த கேம் ஓடி கேசட் மட்டும் ஓடலைன்னா சந்தேகமே வேண்டாம், சொருகுற இடம்தான்.

சத்தம் இல்லைன்னாலும் கேசட்டைப் பாருங்கன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. ஃபேமிகாம்ல சத்தம் நேரா டிவிக்குப் போறதில்லை, 45வது பின் வழியா கேசட்டுக்குள்ள போய் 46வது பின் வழியா திரும்பி வந்து அப்புறம்தான் வெளிய போகும். கேசட்டுக்குள்ள தனி சவுண்டு சிப்பு வச்சா அதையும் கலந்து விடலாம்னு அப்படி அமைச்சாங்க. அதனால அந்த ரெண்டு பல்லுல ஒண்ணு அழுக்கா இருந்தாலே படம் பளிச்சுன்னு வரும், சத்தம் மட்டும் ஊமை. பல நகல் செட்டும் இதே வழிதான்.

வெளிநாட்டுல இருந்து வந்த, வீடியோ டெக் மாதிரி முன்னாடி கதவு திறக்குற சாம்பல் என்ஈஎஸ்ஸா இருந்தா அதுக்கு இன்னொரு நோய் உண்டு. லைட்டு வினாடிக்கு ஒரு தடவை அணைஞ்சு அணைஞ்சு எரியும். உள்ள ஒரிஜினல் கேசட்டான்னு பாக்குற ஒரு பூட்டு சிப்பு இருக்கு, அதுக்கும் கேசட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்தா அது செட்டை ரீசெட் பண்ணிக்கிட்டே இருக்கும். 72 பின் கனெக்டரை சுத்தம் பண்ணுங்க, தேய்ஞ்சிருந்தா புதுசு மாத்துங்க. அந்த சிப்போட 4வது காலை வெட்டித் தூக்கி விடுறவங்களும் உண்டு, பூட்டு செயலிழந்துடும், ஆனா அழுக்கு அழுக்காவேதான் இருக்கும். ஆரம்பத்துலயே வெட்ட வேண்டாம்.

இப்ப திறக்கலாம்

அடாப்டரைக் கழட்டிட்டு, கீழ இருக்குற ஸ்க்ரூவெல்லாம் எடுத்துட்டு, மேல் ஓட்டை சட்டுனு தூக்காதீங்க. லைட்டு, சுவிட்சு வயரெல்லாம் மேல ஒட்டியிருக்கும், நூலு மாதிரி இருக்குற வயரு, பிய்ஞ்சா எது எங்க இருந்துச்சுன்னு தெரியாது. கொஞ்சமா தூக்கி முதல்ல போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க.

அடுத்து அடாப்டரை மாட்டி ஆன் பண்ணி 7805ஐ அளக்கணும். எழுத்து உங்களைப் பாக்குற மாதிரி வச்சா இடது கால் உள்ள வர்றது, நடு கிரவுண்டு, வலது வெளிய போறது. கருப்பு முனை நடுவுல, சிவப்பு இடதுல, 7 வோல்ட்டுக்கு மேல இருக்கணும். அப்புறம் சிவப்பு வலதுல, 5 வோல்ட், 4.75க்கும் 5.25க்கும் நடுவுல இருந்தா சரி. முனை வழுக்கி ரெண்டு காலை ஒண்ணா தொட்டுடாம பாத்துக்கோங்க. மலிவான சில செட்டுல 7805 இல்லாம ஒரு டிரான்சிஸ்டரும் ஜீனர் டயோடும் வச்சு ஒப்பேத்தியிருப்பாங்க, அங்கயும் தேட வேண்டியது அதே 5 வோல்ட்தான்.

உள்ள வர்றதே இல்லைன்னா சாக்கெட்டோ சுவிட்சோ. போர்டைத் திருப்பி சாக்கெட்டோட கால் ஈயத்தை போன் கேமராவுல ஜூம் பண்ணிப் பாருங்க, நல்ல ஈயம் வழவழன்னு காலோட ஏறி நிக்கும், விட்டுப்போனதுல காலைச் சுத்தி மயிரிழை மாதிரி ஒரு கருப்பு வளையம் தெரியும். பின்னைச் சொருகிச் சொருகி ஆட்டினதுல வந்த விரிசல் அது. கொஞ்சம் ஃப்ளக்ஸ் போட்டு அயர்னை வச்சு பழைய ஈயம் உருகினதும் துளி புதுசு விடுங்க, முடிஞ்சுது. சுவிட்சா இருந்தா கரண்ட் இல்லாதப்ப ஆல்கஹாலை உள்ள விட்டு முன்னயும் பின்னயும் நல்லா தள்ளுங்க, பாதிக்கு மேல அதுலயே சரியாகும்.

உள்ள 9 வருது, வெளிய ஒண்ணுமில்லைன்னா ரெண்டு சாத்தியம். கரண்டை எடுத்துட்டு வலது காலுக்கும் நடுக் காலுக்கும் பீப் பாருங்க. பீப் நிக்காம அடிச்சா போர்டுல எங்கயோ ஷார்ட், ரெகுலேட்டரை மாத்தி பிரயோஜனமில்லை, முதல்ல கேசட், ரிமோட் எல்லாத்தையும் கழட்டிட்டு மறுபடி பாருங்க, சில நேரம் ஷார்ட் ரிமோட் வயருக்குள்ளதான் இருக்கும். பீப் இல்லைன்னா 7805 போயிருக்கு, ரொம்ப மலிவான சாமான், ரெண்டா வாங்கி வைங்க. பின்னாடி இருந்த அலுமினிய தகட்டை மறக்காம புதுசுக்கும் மாட்டணும்.

கேம் ஓடுது ஆனா திரைல அலை அலையா பட்டை நகருது, சத்தத்துல "உம்ம்"னு ஒரு இரைச்சல்னா கண்டென்சரைப் பாருங்க, அடாப்டர் பக்கத்துல நிக்குற பெரிய உருளை. தலை உப்பியிருந்தாலோ அடில பழுப்பா கசிஞ்சிருந்தாலோ மாத்தணும், வெளித் தோற்றம் நல்லா இருந்தாலும் இத்தனை வருஷத்துல உள்ள காய்ஞ்சிருக்கும். மேல எழுதியிருக்குற மைக்ரோஃபாரட் அளவே வாங்குங்க, வோல்ட் மட்டும் 16 இருந்த இடத்துல 25 போடலாம், கம்மி போடக் கூடாது. பக்கத்துல கோடு போட்டிருக்குற கால் நெகட்டிவ், தலைகீழா வச்சா வெடிக்கும்.

5 வோல்ட் சரியா இருக்கு, எல்லாம் சுத்தம், ஆனா திரை செத்துக் கிடக்குதுன்னா, செட்டு கீழ விழுந்த கதை ஏதாவது இருக்கான்னு வீட்டுல கேளுங்க. விழுந்தா கிறிஸ்டல் உள்ள உடையும், அது துடிக்கலைன்னா ஒரு சிப்பும் வேலை செய்யாது. மேல எழுதின அதே நம்பர்ல வாங்கி மாத்திப் பாக்கலாம்.

அதுக்கும் மசியலைன்னா போர்டு எந்த வகைன்னு பாருங்க. பழைய பெரிய போர்டுல 40 காலோட ரெண்டு நீள ஐசி இருக்கும், ஒண்ணு பிராசசர், ஒண்ணு வீடியோ, ஆன் பண்ணின உடனே ஒண்ணு மட்டும் கை வைக்க முடியாம சுட்டுச்சுன்னா அதுதான் குற்றவாளி, இன்னொரு செத்த செட்டுல இருந்து எடுத்துப் போடலாம், பொறுமை வேணும். பின்னாடி வந்ததுல எல்லாத்தையும் ஒரே சிப்புல அடக்கி மேல கருப்பு பிசினை சொட்டு விட்டு மூடியிருப்பாங்க. அந்தக் கருப்புப் பொட்டு போயிடுச்சுன்னா அதைச் சுரண்டிப் பாக்குறதுல அர்த்தமே இல்லை.

ரிமோட்டும் துப்பாக்கியும்

ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யலைன்னா உள்ள அழுக்கு, எல்லா பட்டனும் செத்துப் போச்சுன்னா வயரு. ஒரிஜினல் அமைப்புல ரிமோட்டுக்கு அஞ்சே வயருதான், 5 வோல்ட், கிரவுண்டு, மீதி மூணும் பட்டனை ஒவ்வொண்ணா வரிசையா சொல்றதுக்கு. வயரு கலரை நம்பாதீங்க, செட்டுக்கு செட்டு மாறும், இந்த முனைல இருந்து அந்த முனைக்கு பீப் பாத்துக்கிட்டே வயரை வளைங்க. ரிமோட்டுக்குள்ள நுழையுற இடத்துலதான் அறுந்திருக்கும், அங்க வெட்டிட்டு ரெண்டு விரக்கடை தள்ளி மறுபடி ஈயம் வச்சா போதும். ரெண்டாவது ரிமோட்டை முதல் இடத்துல மாத்திப் பாக்குறவங்க ஒண்ணு கவனிக்கணும், பல செட்டுல ரெண்டாவதுல ஸ்டார்ட் பட்டனே கிடையாது, அப்புறம் கேம் ஆரம்பிக்கலைன்னு குழம்பாதீங்க.

பட்டனுக்கு அடில இருக்குற ரப்பரையும் போர்டுல இருக்குற கருப்பு கார்பனையும் ஆல்கஹால் தொட்டு மெதுவா துடைக்கணும். பளபளன்னு ஆக்குறேன்னு சுரண்டினா கார்பன் போயிடும், அது அழுக்கு மாதிரி தெரியும், ஆனா அதுதான் கரண்ட் போற பாதை. ரப்பர் தேய்ஞ்சிருந்தா பழைய டிவி ரிமோட்டுல இருந்து ஒரு குமிழை வெட்டி ஒட்டலாம். சிகரெட் அட்டைல வர்ற வெள்ளித் தாளை ஒட்டுறது கொஞ்ச நாளைக்கு ஓடும், அப்புறம் கான்ட்ரா மாதிரி ஒரு கேம் மும்முரமா ஆடும்போது நடுவுல பிய்ஞ்சு வரும்.

துப்பாக்கியை ரிப்பேருக்குத் தூக்கிட்டு அலையாதீங்க. வாத்து சுடுற கேம்ல சுட்டதும் திரை ஒரு நொடிக்கும் குறைவா கருப்பாகி வாத்து இருக்குற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமா மின்னும், குழலுக்குள்ள இருக்குற கண்ணு அந்த வெளிச்சம் சரியான நேரத்துல வருதான்னு பாக்கும். குண்டு டிவில அது உடனே வரும், எல்ஈடி டிவி படத்தை வாங்கி யோசிச்சுக் காட்டுறதுக்குள்ள நேரம் தப்பிடும்.

எல்லாம் ஓடினாலும் உடனே ஸ்க்ரூ முடுக்காதீங்க, ஓட்டைத் திறந்த மாதிரியே அரை மணி நேரம் ஓட விட்டு 7805 தகட்டைத் தொட்டுப் பாருங்க, சூடா இருக்கலாம், கையை உடனே எடுக்க வைக்கிற அளவுக்கு இருந்தா அடாப்டர் வோல்ட்டை மறுபடி பாருங்க. பொட்டு போன செட்டா இருந்தாலும் மொத்தமா காயலான் கடைக்குப் போட்டுடாதீங்க, கேசட், ரிமோட், அடாப்டர், 60 பின் கனெக்டர், கிறிஸ்டல் எல்லாத்தையும் கழட்டி ஒரு டப்பால போட்டு வைங்க, அடுத்து யாராவது ஒரு செட்டைத் தூக்கிட்டு வரும்போது அதுக்கு ஆகும்.